அண்ணன் பெயரில் ஒரு ஆள்

அத்தியாயம் 11

போன வாரம் பாக்கியராஜை மில் வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தோம். புதன்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனவர் அட்டையை மிஷினில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து இன்னொரு தடவை வைத்தார். அப்போதும் சிவப்பு. ஆபீஸிலிருந்து சொல்லும்வரை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். அதைச் சொன்ன செக்யூரிட்டி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பாக்கியராஜுக்கு மில்லில் பெயர் தாவீது. தாவீது அவருடைய அண்ணன். கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் வேலை நிரந்தரமான மறுவருஷமே, 2006 பிப்ரவரியில், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்த சூப்பர்வைசர் தணிகைவேல், உலைக்கு ஆள் குறைகிறது, அண்ணன் தம்பிக்கு ஒரே மூஞ்சிதானே, அவன் அட்டையிலேயே வந்துவிடு என்றார். சாவைப் பதிவு செய்துவைக்காதே என்று சொன்னவரும் அவர்தான். ஆதார் எடுக்க மில்லுக்குள்ளேயே முகாம் போட்டபோது கைரேகையும் தாவீது பெயரில் விழுந்தது. அதனால் இ.எஸ்.ஐ. மருத்துவ அட்டையில் பாக்கியராஜின் மனைவி சாராள், தாவீதின் மனைவி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவள் புருஷனைச் சீண்டுவாள்: "இங்க நான் உங்களுக்கு அண்ணி. மரியாதையா பேசுங்க."

பத்தொன்பது வருஷம் இது வீட்டுக்குள் ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

மகள் ஜெனிபர் பிளஸ் டூ முடித்து இரண்டு இடத்தில் சீட் வாங்கினாள். ஒன்று சென்னையில், அரசுப் பல்கலைக்கழகம். மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் போய் வந்துவிடலாம். இன்னொன்று ஹரியானா பக்கம் ஒரு கல்லூரி. படிப்பு, சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் வருஷம் என்ன பாடம் என்றே கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்பார்கள். பதினைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் வகுப்பு. அந்த மேஜையின் படத்தை ஜெனிபர் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இன்னா பாடம்னே சொல்லாம சேத்துக்கினா அது இன்னா காலேஜு என்று பாக்கியராஜ் சிரித்தார். ஆனால் ஸ்டேஷன் வரை போய் டெல்லி ரயிலுக்கு நேரம் விசாரித்துவிட்டு வந்தவரும் அவர்தான்.

அந்தக் கல்லூரி அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டது. பாக்கியராஜ் என்ற பெயரில் உலகத்தில் ஒரு சம்பளச் சீட்டும் கிடையாது. கூடவே ஒரு கட்டுரையும் கேட்டது, உன்னைப் பற்றி எழுது என்று. ஜெனிபர் இரண்டுக்கும் சேர்த்து உண்மையை எழுதிவிட்டாள். படித்தவர்களுக்குப் பிடித்துப்போய், அவள் படத்தோடு தங்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

என்ன எழுதினாள் என்று வீட்டில் கேட்டார்கள். "நம்ம ஊட்டப் பத்தித்தான்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. இதுதான் அவள் செய்த தப்பு. சின்னத் தப்பு இல்லை.

இன்று வியாழக்கிழமை. பல்கலைக்கழகத்தில் மதியம் இரண்டு மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, பெற்றோரோடு வரவேண்டும். ஹரியானாக் கல்லூரிக்கு, சேருகிறேன் என்று மாலை ஆறு மணிக்குள் உறுதி சொல்லவேண்டும். இன்றோடு ஏதோ ஒரு கதவு மூடிவிடும்.

பாக்கியராஜ் வழக்கம்போல நாலரைக்கே எழுந்துவிட்டார். வேலை இல்லாத நாளில் என்ன உடுத்துவது என்று தெரியாமல் யூனிபாரம் சட்டையையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பாக்கெட்டுக்கு மேல் தாவீது என்று நூலில் தைத்திருக்கும்.

சாராள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தோசை ஊற்றினாள். நின்றால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இ.எஸ்.ஐ.யில் எழுதிக்கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள். அதுவரை தாவீதின் அட்டை உயிரோடு இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் ஜெனிபரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது சாராளுக்குத் தெரியாது. அல்லது தெரியாததுபோல இருக்கிறாள்.

எட்டு மணிக்கு வாசலில் பைக் நின்றது.

"தாவீது" என்று குரல் வந்தது. தணிகைவேல்தான். இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். ஒருநாளும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சாராள் நாஷ்டா சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். ரிட்டயர் ஆக ஏழு மாதம்தான் பாக்கி. நேற்று முழுவதும் புது மேனேஜரின் அறையில் நிற்கவைத்திருக்கிறார்கள் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மேனேஜர் அந்தக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாராம். கும்மிடிப்பூண்டி என்று இருக்கிறது, இரும்பு மில் என்று இருக்கிறது, தாவீது என்ற பெயரே இருக்கிறது. ஆள் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை.

பாக்கியராஜ் கேட்டார்: "ஹரியானால போட்டது இவங்க கைக்கு எப்படிணா வந்துச்சு? யாரு குட்த்தா?"

தணிகைவேல் சொம்பைக் கீழே வைத்தார். "நீதாம்பா."

யாருக்கும் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை பாக்கியராஜ் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். மகளின் படம், கல்லூரியின் இணைப்பு, கீழே கும்பிடுகிற கை. எம் பொண்ணு என்று தமிழில் இரண்டே வார்த்தை. மில்லில் பாதிப் பேர் பார்த்தார்கள். பழைய ஆட்கள் படத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் இங்கிலீஷைப் படித்தார்.

பாக்கியராஜ் தன் போனை எடுத்துப் பார்த்தார். அது இருபத்துநாலு மணி நேரத்தில் தானாக மறைந்துபோயிருந்தது. ஒன்றுமில்லாத திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னா எழுதினம்மா? தமிழ்ல படி."

ஜெனிபர் மாட்டேன் என்றாள். அவர் மறுபடி சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தார். அவரைக் காத்திருக்கவைக்க அவளால் முடியவில்லை. போனில் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஆரணி ஆற்றோரத்துக் கல்லறைக்குப் போகிறோம். அப்பா சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் கறுப்பு மையில் தாவீது என்று எழுதுவார். மறுநாள் காலை மில் வாசலில் அதே பெயரைச் சொன்னால் அப்பா திரும்பிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் ஒரே பெயரைச் செத்தவரும் உயிரோடு இருப்பவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். என் அப்பாவின் சொந்தப் பெயர் என்னுடைய சான்றிதழ்களில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் நான் படித்து முடிக்கும்வரைதான் அந்தப் பெயருக்கு ஒரு வேலை.

முடித்துவிட்டுப் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். சாராள் அடுப்பை அணைத்தாள்.

"சுண்ணாம்பு இல்ல" என்றார் பாக்கியராஜ். "ஒயிட் பெயிண்ட். சுண்ணாம்பு ஒரு மழைல போயிடும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் ஜெனிபருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த வேலையைச் சொல்லத் தொடங்கினார். அடுத்த மாதம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள். பத்தொன்பது வருஷம் செத்தவன் பெயரில் ஆள் வைத்திருந்தோம் என்று தெரிந்தால் மில்லுக்கே கெட்ட பெயர். மேனேஜருக்கு வேண்டியது உண்மை இல்லை, காகிதம். கட்டுரையில் இருப்பது கற்பனை என்று பெண் கல்லூரிக்கு எழுதவேண்டும், அதன் நகல் மில்லுக்கு வரவேண்டும். பன்னிரண்டு மணிக்குள் வந்தால் நாளைக்கே அட்டை வேலை செய்யும். வராவிட்டால் ஆள்மாறாட்டம் என்று போலீசில் புகார். இ.எஸ்.ஐ. அன்றைக்கே நிற்கும்.

கட்டுரையை எடுத்துவிடச் சொல்லி எழுதினால் போதாதா என்று ஜெனிபர் கேட்டாள். போதாதாம். பொய் என்று எழுத்தில் வேண்டுமாம்.

பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் அந்தக் கல்லூரி சீட்டை ரத்து செய்யும். விண்ணப்பிக்கும்போது அவள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியின் முதல் வரியே அதுதான். அவள் அதைச் சொன்னாள். தணிகைவேல் தரையைப் பார்த்தார். இன்னும் சொல்ல மிச்சம் இருந்தது.

"உன் சர்ட்டிபிகேட்ல அப்பா பேரு பாக்கியராஜுன்னு கீதேம்மா. மில்லுல கீறவன் தாவீதுன்னா, பாக்கியராஜு எங்கன்னு கேப்பாங்க. அதனால..." அவர் சாராள் பக்கம் திரும்பாமல் சொன்னார். "தம்பி செத்துட்டான், அண்ணன் அவன் பொண்டாட்டியக் கட்டிக்கினு புள்ளய வளக்கறான்னு எழுதச் சொல்றாரு. எங்க போனாலும் இனிமே அதான் பேச்சா இருக்கணுமாம்."

சாராள் எழுந்து நின்றாள். நின்றால் மூச்சு வாங்கும் என்பதை மறந்து நின்றாள். தம்பி மனைவி அண்ணனுக்கு மகள் மாதிரி. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை அவர் எதிரில் அவள் நாற்காலியில்கூட உட்கார்ந்தது இல்லை. ஆஸ்பத்திரியில் வேடிக்கைக்குச் சொல்வது வேறு. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஊருக்குக் காட்டுவது வேறு.

"எனக்கு ஆபரேசனே வேணாம்ணா. போய்ச் சொல்லிடு. ஜெனி, நீ பொட்டி கட்டுடி."

"போம்மா" என்றார் பாக்கியராஜும். "ஜெயில்ல போட்டா போடட்டும். நீ போயிடு."

அவர்கள் மனசாரத்தான் சொன்னார்கள். அதுதான் ஜெனிபரால் தாங்க முடியவில்லை. ஒருவராவது இரு என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டுக் கிளம்பியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"போய்?" என்றாள். "அங்க போய் மேஜையச் சுத்தி உக்காந்துக்கினு இன்னா எழுதறது? இந்தக் கட்டுரையால எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னா?"

வெளியே கம்பி லாரி ஒன்று போய், ஜன்னல் கதவு அதிர்ந்து நின்றது.

அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து போனில் எழுதினாள். நல்ல இங்கிலீஷ். கல்லூரியைக் கவர்ந்த அதே இங்கிலீஷ். நான் அனுப்பிய கட்டுரை கற்பனை. என் அப்பா பாக்கியராஜ் நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். என் அம்மாவை மணந்து என்னை வளர்ப்பவர் என் பெரியப்பா தாவீது. உதவித்தொகை கிடைக்கவேண்டும் என்று உங்களை ஏமாற்றினேன், மன்னிக்கவும். நாலு வரிதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டுரையை எழுத அவளுக்கு ஐந்து வாரம் ஆனது.

கல்லூரிக்கும், நகலை மில்லுக்கும் அனுப்பிவிட்டுத் தணிகைவேலிடம் காட்டினாள். அவர் மேனேஜருக்குப் போன் போட்டு, வந்துவிட்டதா சார் என்று கேட்டு, சரி சார், சரி சார் என்று வைத்தார். நாளை முதல் ஷிப்ட்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "பாக்கியராஜு" என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "நான்தாம்பா உன்ன இதுல இழுத்து உட்டவன். மனசுல வச்சிக்காத."

பாக்கியராஜ் வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை.

பதினொன்றரை லோக்கலில் அப்பாவும் மகளும் ஏறினார்கள். சாராளைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்கள். பாக்கியராஜ் கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். பொன்னேரியில் இடம் கிடைத்தது.

மீஞ்சூர் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார், அந்தக் காலேஜில் என்னென்ன படித்திருப்பாய் என்று. இத்தனை நாள் கேலி செய்தவர் இன்றைக்குத்தான் கேட்டார். சரித்திரம் படித்திருப்பேன், செடிகொடியைப் பற்றிப் படித்திருப்பேன், நாடகம்கூட உண்டு என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"இங்கயும் சரித்திரம் கீதுல்ல?"

"கீது நைனா. அதுலதான் சேரப்போறேன்."

"அப்ப சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவர்கள் முறை வர மூன்றரை ஆயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். காலையிலிருந்து நூறு பிள்ளைகளைப் பார்த்த களைப்பு இருந்தாலும் பேச்சில் கடுகடுப்பு இல்லை. ஜெனிபரின் மார்க் பட்டியலைப் பார்த்து, நல்ல மார்க்கும்மா, நல்லாப் படி என்றார். நல்ல மனுஷிதான். இந்த இடத்தில் ஒரு கெட்டவர் இருந்திருந்தால் கதை எழுதுகிற எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெற்றோர் ஆதார் கேட்டார். பாக்கியராஜ் கொடுத்தார். அந்த அம்மாள் அதையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்பா பேர் பாக்கியராஜ்னு இருக்கு. இவர் தாவீது. இவர் யாரும்மா?"

ஜெனிபர் ரயிலில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட பதில் அது. இருந்தும் வாயை விட்டு வர நேரமாயிற்று.

"பெரியப்பா, மேடம்."

"அப்பா வரலையா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு அவள் தயாராக இல்லை. மெயிலில் எழுதியாயிற்று, ஆனால் இது எழுத்து இல்லை. அவர் பக்கத்தில் நிற்கிறார். அவர் சட்டையிலிருந்து சலவை சோப்பு வாசனை வருகிறது.

"தவறிட்டாருங்க" என்றார் பாக்கியராஜ்.

அந்த அம்மாள் ஐயோ என்று பேனாவை வைத்தார். மன்னித்துக்கொள் என்று ஜெனிபரின் கையைத் தொட்டார். பிறகு பாதுகாவலர் என்ற கட்டத்தைக் காட்டி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பாக்கியராஜ் தாவீது என்று போட்டார். தடங்கல் இல்லாத கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பதுகூட அண்ணன் இழுத்ததுபோலவே. பத்தொன்பது வருஷம் தினமும் போட்டது.

"எந்த வருஷம் தவறினார்?"

"ரெண்டாயிரத்து ஆறுங்க. பிப்ரவரி மாசம்." யோசிக்காமல் சொன்னார். அவருக்குத் தெரிந்த சாவு அது ஒன்றுதான்.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்துக்குப் போன பேனா நின்றது. மார்க் பட்டியலை மறுபடி எடுத்துப் பிறந்த தேதியைப் பார்த்தார். நவம்பர் 2007. அப்பா தவறி ஒன்றே முக்கால் வருஷம் கழித்து. தலையைத் தூக்கிப் பெண்ணைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே தாடை. அவர் மனசில் என்ன ஓடியது என்று ஜெனிபருக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை நினைத்து அவள் காது சூடாயிற்று.

அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர். பென்சிலால் அந்த வருஷத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"திங்கட்கிழமைக்குள்ள அப்பாவோட இறப்புச் சான்றிதழ் கொண்டு வந்திடுங்க. ஒரிஜினல். அதுக்கு அப்புறம்தான் சீட் உறுதி பண்ண முடியும். வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்மா."

"கொண்டாறேன் மேடம்" என்றார் பாக்கியராஜ்.

வெளியே படிக்கட்டில் பிள்ளைகளும் பெற்றவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சுவரோரமாக ஒதுங்கி இறங்கினார்கள். ஜெனிபரின் போனில் மணி நாலேகால். ஆறு மணிக் கதவை அவள் காலையிலேயே சாத்திவிட்டாள். இந்தக் கதவுக்கு இப்போது ஒரு காகிதம் வேண்டும். நிஜமாகவே செத்த மனிதருக்கே வாங்காத காகிதம்.

கடைசிப் படியில் பாக்கியராஜ் நின்றார். கோபமோ கேலியோ இல்லை. வேலையில் விட்டுப்போன ஒன்றை யோசிக்கிறவர்போலத்தான் சொன்னார்.

"நான் எப்ப செத்தேன்னு காலைலயே பேசி வச்சிக்கினு வந்திருக்கணும், ஜெனி."